நல்வரவில் தொலைந்த கால்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த நாள். மெரூன் அட்டை, அதன்மேல் தங்க நிற எழுத்து. கட்டைப் பிரித்ததும் அக்கா முதலில் பார்த்தது மணமக்கள் பெயரை. இரண்டு பெயரும் கம்பீரமாக நின்றன. நான் கடைசி வரிக்குப் போனேன். ‘தங்கள் நல்வாவை நாடும்’ என்று இருந்தது.

தட்டச்சு செய்தவர்மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் நாங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃப் தாளில் ‘நல்வரவை’ என்று சரியாகவே இருந்தது. அதே கோப்பு, அதே எழுத்துரு. வெள்ளைத் தாளில் இருந்த ரகரம் அட்டைக்கு வந்து சேர்வதற்குள் துணைக்கால் ஆகிவிட்டது.

ஊரில் ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அட்டையை அவரிடம் எடுத்துப் போனேன். மடக்கு லென்ஸை விரித்து, வாசல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “அடிச்சவங்க மேல தப்பில்லீங்க தம்பி. இங்க பாருங்க, ரகரத்தோட கால் இருந்த எடத்துல ரெண்டு பொட்டு மட்டும் ஒட்டிக்கிட்டிருக்குது. காலு மயிராட்ட மெல்லிசா இருந்திருக்குதுங்க. வலை அதைப் புடிக்கலை” என்றார். லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். காலின் தடத்தில் தங்கத் தூசு போல இரண்டு துணுக்குகள். அவ்வளவுதான் மிச்சம்.

நாங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ஒரு கோடு தூண் போல இருக்கும், அடுத்த கோடு இழை போல இருக்கும். பட்டுப்புடவைக் கடைப் பலகைகளிலும் நகைக்கடை விளம்பரங்களிலும் இந்த அழகைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தமிழுக்கு இது இரவல் அழகு. கொடுத்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இரண்டு அச்சுக்காரர்கள். ஒருவர் இத்தாலியின் பார்மா நகரில் இருந்த ஜாம்பத்திஸ்தா போடோனி, மற்றவர் பாரிஸின் ஃபிர்மேன் திதோ.

போடோனி 1740-இல் சலுட்சோ என்ற ஊரில் ஓர் அச்சுக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1758-இல், பதினெட்டு வயதில், ரோமுக்குப் போய்க் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைபரப்புப் பேராயம் நடத்திய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கீழைநாட்டு மொழிகளுக்காக வெட்டிய அச்சுக் கருவிகள் கலைந்து கிடந்தன. அவற்றைத் துடைத்து இனம் பிரித்து அடுக்கும் வேலை இந்த இளைஞருக்கு வந்தது. வேற்று மொழி எழுத்துகளின் உலோக முகங்களை நாளெல்லாம் கையில் பிடித்துப் பார்த்த அனுபவம்தான் அவர் கண்ணைத் தீட்டியது என்று நான் நினைக்கிறேன். 1768-இல் பார்மாவின் பிரபு தம் அச்சகத்தை நடத்த அவரை அழைத்தார். 1813-இல் இறக்கும்வரை அவர் எழுத்து வெட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய எழுத்து மாதிரிகள் முழுவதையும் திரட்டிய இரண்டு தொகுதி நூலை 1818-இல் அவர் மனைவி மார்கரீத்தா வெளியிட்டார். பாரிஸில் திதோ 1784-இலேயே இதே வழியில் ஓர் எழுத்தை வெட்டிவிட்டிருந்தார்.

இவர்கள் எழுத்தில் நெடுங்கோடு தடிப்பாக இருக்கும், கிடைக்கோடு மெலிந்திருக்கும். ‘செரிஃப்’ எனப்படும் நுனிப் பாதம் முட்டுக் கொடுக்காத வெறும் இழை. நெடுங்கோடுதான் தடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பேனா சொன்னது. அக்காலத்து ஐரோப்பியர் எழுதிய கூர்முனை நிப் நடுவே பிளந்தது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் இரு பற்களும் விரிந்து மை அகலமாக இறங்கும். மேல்நோக்கித் தள்ளும்போது அழுத்தினால் முனை தாளைக் குத்திக் கிழித்துவிடும், எனவே கை தானாக மெத்தென்று போகும். பக்கவாட்டில் இழுத்தால் பற்கள் விரிவதில்லை. ஆக, இறங்கும் கோடு தடிக்கிறது, ஏறும் கோடும் குறுக்குக் கோடும் மெலிகின்றன. போடோனியின் தூணும் இழையும் அந்த நிப்பின் இயக்கத்தை எஃகில் உறையவைத்தவை.

இந்த வழிக்கு முன்னோடி பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில். எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்தவர், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர். 1757-இல் அவர் அச்சிட்ட வர்ஜிலின் கவிதை நூலில் கோடுகளின் கூர்மை கண்டு பலர் வியந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். இவ்வளவு மெல்லிய கோடு வாசகர்களைக் குருடாக்கிவிடும் என்று ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் குறைப்பட்டார். ஃபிராங்க்ளின் வேறொருவர் வார்த்த எழுத்தின் மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, ‘இதுதான் பாஸ்கர்வில், குறையைக் காட்டுங்கள்’ என்று கொடுத்தார். வந்தவர் அந்தத் தாளிலும் அதே குறைகளைக் கண்டுபிடித்து, கண் வலிக்கிறது என்றே சொன்னார். நடந்ததை 1760-இல் பாஸ்கர்விலுக்கே கடிதமாக எழுதினார் ஃபிராங்க்ளின். படிக்கச் சிரமம் என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு கண், எவ்வளவு மனம் என்று பிரித்தறிவது இன்றும் கடினம். ஆனால் எங்கள் பத்திரிகையில் போன கால் மனக் கணக்கில் போகவில்லை. அதற்கு அளவுகோல் உண்டு.

சராசரிக் கண் பிரித்தறியும் நுண்மை ஏறத்தாழ ஒரு ‘ஆர்க் மினிட்’. ஒரு டிகிரியை அறுபதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் படிக்கும் 40 செ.மீ. தூரத்தில் இது 0.12 மி.மீ. ஆகிறது. அச்சுத்தொழிலின் ஒரு பாயிண்ட் 0.35 மி.மீ. என்பதால் 10 பாயிண்ட் எழுத்தின் முழு உயரம் 3.5 மி.மீ. அதில் ஐம்பதில் ஒரு பங்காக இழைக்கோடு வைத்தால் 0.07 மி.மீ. தலைமுடியின் தடிமனும் கிட்டத்தட்ட அதுதான், பெரியவர் சொன்ன ‘மயிராட்ட’ அளவுக் கணக்கிலும் சரி. கோபியைச் சுற்றி மல்பெரி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு அளவும் கைவசம் உண்டு. பட்டுப்புழு கூடு கட்ட நூற்கும் ஒற்றை இழை 0.02 அல்லது 0.03 மி.மீ. இருக்கும். அப்படி மூன்று இழையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கள் ரகரத்தின் கால்.

0.12-ஐவிட மெல்லியது கண்ணுக்கே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. வயல்வெளியில் வெகுதொலைவில் போகும் மின்கம்பி வானத்தின் பின்னணியில் தெரிகிறதே, அதன் தடிமன் கண்ணின் நுண்மை எல்லைக்கு எவ்வளவோ கீழே. கம்பி தெரிகிறது, ஆனால் கறுப்பாகத் தெரிவதில்லை. கண்ணின் வில்லை எந்தப் புள்ளியையும் சற்றே பூசி விரித்துத்தான் விழித்திரையில் விழவைக்கும். மெல்லிய கோட்டின் கருமை பக்கத்து வெண்மையோடு கலந்து சாம்பலாகிறது. தடித்த கோடு தன் கருமையைக் காத்துக்கொள்கிறது. எனவே போடோனி எழுத்தைச் சின்ன அளவில் படிக்கும்போது நாம் காண்பது கருந்தூண்களும் அவற்றுக்கிடையே வெளிறிய நிழல்களும்தான். ஆங்கிலத்தில் ‘மினிமம்’ என்ற சொல்லை இந்த எழுத்தில் பாருங்கள். இணைப்பு வளைவுகள் கரைந்துபோய் வரிசையாகக் கம்பிவேலி நிற்கும். 40 செ.மீ. தூரத்தில் ஒரு டிகிரி என்பது 7 மி.மீ. அந்த அகலத்தில் மூன்று முதல் ஐந்து பட்டைகள் இருந்தால் நம் பார்வை அவற்றை மிகக் கூர்மையாக உணரும். 12 பாயிண்ட் போடோனியில் அந்த 7 மி.மீ.க்குள் ஐந்தாறு தூண்கள் விழுகின்றன. பக்கம் முழுக்கப் படித்தால் கண் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

தங்க மையில் சேதம் இன்னும் அதிகம். வெள்ளைத் தாளில் கறுப்பு மை எந்தக் கோணத்திலும் கறுப்பு. தங்க மை சாய்த்தால் மின்னும், நேரே பிடித்தால் மங்கும். எழுத்தின் தடிப்பு மெலிவு ஒரு வேறுபாடு என்றால் மைக்கும் அட்டைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் இன்னொன்று. முதலாவதைக் கூட்டிய இடத்தில் இரண்டாவதைக் குறைத்துவிட்டோம்.

பெரியவர் சொன்ன வலை, ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷ். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி அது. ஒரு காலத்தில் உண்மையாகவே பட்டுத்துணி, அதனால்தான் ‘சில்க் ஸ்கிரீன்’ என்ற பெயர். இன்று பாலியெஸ்டர். ஒரு செ.மீ.க்கு 100 நூல் கொண்ட மெஷ்ஷில் நூல் ஏறத்தாழ 0.04 மி.மீ., துளை 0.06 மி.மீ. இருக்கும். மை துளை வழியே மட்டும் இறங்கும். 0.07 மி.மீ. கோடு சாய்வாகக் கடக்கும்போது சில இடத்தில் துளையைச் சந்திக்கும், சில இடத்தில் நூலின்மேலேயே விழும். அட்டையும் சொரசொரப்பு. தங்க மையில் உலோகத் துகள் வேறு. நான் லென்ஸில் கண்ட இரண்டு பொட்டும் கோடு துளையைச் சந்தித்த இரண்டு இடங்கள். புரூஃப் தாள் லேசர் பிரிண்டரில் எடுத்தது. 600 டிபிஐ-யில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. தான், கால் தப்பிவிட்டது. நாங்கள் கையெழுத்துப் போட்டது ஒரு பொறிக்கு, அட்டை வந்தது வேறொரு பொறியிலிருந்து.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தச் சிக்கலுக்கு மருந்து வேலைமுறையிலேயே இருந்தது. ஒவ்வோர் அளவுக்கும் தனியாக எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை வெட்டுவார்கள். அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை அந்தப் பள்ளத்தின்மேல் ஊற்றுவார்கள். ஈயம் மட்டும் என்றால் மெதுமெது. ஆண்டிமனி கெட்டிப்படுத்தும், ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கும். இவ்வளவு சேர்த்தும் மெல்லிய இழை ஒரு தட்டலில் ஒடிந்துவிடும். எனவே சின்ன அளவுக்கு வெட்டுபவர் இழையைச் சற்றுத் தடிப்பாக்கி, எழுத்தை அகலமாக்கி, இடைவெளியைக் கூட்டுவார். பெரிய அளவில்தான் இழையை முடிந்தவரை இழைப்பார். அழுத்தி அச்சடிக்கும்போது மை ஓரங்களில் பிதுங்கி இழையைக் கொஞ்சம் கொழுக்கவும் வைத்தது. கணினியில் ஒரே வரைபடம் 9 பாயிண்டுக்கும் 72 பாயிண்டுக்கும் நீண்டு சுருங்குகிறது. தலைப்புக்கு வரைந்ததை அடிவரிக்குப் போட்டால் தூண் நிற்கும், இழை போய்விடும். 1990-களின் தொடக்கத்தில் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழுக்குத் திதோவைப் புதிதாக வரைந்த ஜொனாதன் ஹோஃப்லர் இதை உணர்ந்து, ஏழு அளவுகளுக்கு ஏழு தனித்தனி வரைபடங்கள் செய்தார். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் இழை ஒரே மெலிவில் நிற்கும். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

தாளும் உதவ வேண்டும். மேடுபள்ளமான தாளில் இழைக்கோடு துண்டு துண்டாகத்தான் விழும். பாஸ்கர்வில் வழவழப்பான தாளைத் தேடிப் போனதும், அச்சடித்த தாளைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தியதும் இதற்காகவே. கரூர் பக்கம் புகளூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். சக்கையின் இழை ஊசியிலை மரத்தின் இழையைவிடக் குட்டை. குட்டை இழைகள் நெருங்கிப் படிந்து தாளின் பரப்பைச் சமமாக்கும். கொங்குக் கரும்பு சர்க்கரையோடு மெல்லிய எழுத்துக்கும் இடம் கொடுக்கிறது.

இனி தமிழின் தனிக் கதை. ஓலையில் எழுத்தாணியை அழுத்தினால் கீறல் ஆழமாகுமே தவிர அகலமாகாது. பற்கள் விரிய அங்கே பிளந்த நிப் இல்லை. கீறிய பிறகு கரியைத் தேய்த்தால் எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் எழும். ஓலையில் தமிழ் ஒருசீர்க் கோட்டு எழுத்தாகவே வாழ்ந்தது. தடிப்பும் மெலிவும் மையோடும் உலோகத்தோடும் வந்தவை. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, தாளை விழுங்கின. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டுதான் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். 1862-இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியைப் புரட்டினால் தமிழ் உலோக எழுத்து எவ்வளவு பொடிதாகியும் தெளிவாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று தெரியும்.

தமிழில் தடிப்பை எங்கே வைப்பது? போடோனியின் விதியை அப்படியே பொருத்திப் பார்ப்போம். நெடுங்கோடு தூண், கிடைக்கோடு இழை. பகரத்தின் அடிக்கோடு கரைந்தால் இரண்டு கம்பம் மிஞ்சும். டகரத்தின் அடிக்கோடு போனால் ஒற்றைக் கம்பம். தமிழ் எழுத்துகள் தரையில் கிடக்கும் கோட்டில்தான் தம் அடையாளத்தை வைத்திருக்கின்றன. கிடைக்கோட்டைத் தடிப்பாக்கி நெடுங்கோட்டை மெலிதாக்கிய தமிழ் எழுத்துகளும் உண்டு, லத்தீன் வழியைப் பின்பற்றியவையும் உண்டு. முதல் வழிதான் நம் எழுத்தின் எலும்புக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

அதைவிடக் கடினமான இடம் நுனிகள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே ஒரு சின்னச் சாய்கோடு. அது போனால் ‘ஏடு’ என்பது ‘எடு’ ஆகும். ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. மகர உகரத்தையும் ஊகாரத்தையும் பிரிப்பதும் ஒரு சுழி. மெய்யெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, அது விழாவிட்டால் ‘கல்’ என்பது ‘கல’. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவே அந்தச் சிறு கால். இவற்றில் பல ஓலையில் இருந்ததே இல்லை. சுவடிகளில் புள்ளி அரிது, ரகரமும் துணைக்காலும் ஒரே உருவம், எகர ஏகாரம் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டார். வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நெடில் குறிகளும், அச்சு நிலைப்படுத்திய புள்ளியும் காலும், இந்தப் பாரத்தை வாசகர் தோளிலிருந்து இறக்கி எழுத்தின்மேல் வைத்தன. எங்கள் அட்டையில் நடந்தது என்ன என்று இப்போது விளங்குகிறது. மெலிந்த காலை இழந்த ரகரம் முந்நூறு ஆண்டு பின்னோக்கி, சுவடிக்குள் போய்விட்டது.

அச்சுக்கூடத்தின் வேதனையிலிருந்து எழுத்தைத் திருத்தியவர் எங்கள் மாவட்டத்துக்காரர். 1925-இல் ஈரோட்டில் ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கிய பெரியார், ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு அப்போது இருந்த தனி உருவங்களை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே குறி சேர்த்து 1935 முதல் அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு அதை ஆணையாக்கியது. கம்பாசிட்டரின் பெட்டியில் அறைகள் குறைந்தது எல்லாரும் சொல்லும் நன்மை. எழுத்து வரைபவருக்கும் ஒரு நன்மை கிடைத்தது. அந்தப் பழைய உருவங்களில் யானைத் துதிக்கை போல மேலேறியும் கீழே சுருண்டும் போன நெரிசலான வளைவுகள் இருந்தன, மெலிவு வைக்க மிகச் சிரமமான இடங்கள் அவை. உகர ஊகார வரிசை இன்றும் ஒட்டியே இருக்கிறது. புதிதாகத் தமிழ் எழுத்துரு ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் நான் முதலில் கூ, மூ, ரூ, ஞூ நான்கையும் 8 பாயிண்டில் அடித்துப் பார்ப்பேன்.

போடோனி வழி எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் திருவிழாவுக்கு ஊரெல்லாம் ஒட்டும் சுவரொட்டியின் தலைப்பில் ஓரடி உயரத்துக்கு இந்தத் தூணும் இழையும் நின்றால் அதற்கு ஈடு கிடையாது. ‘வோக்’ இதழின் முகப்பில் இந்தக் குடும்பம்தான் காலகாலமாக அரசாட்சி செய்கிறது. பெரிய அளவு, குறைந்த சொல், நல்ல தாள் மூன்றும் அமைந்தால் மெலிவே அதன் செல்வம். மாத்திரை அட்டையின் பின்புறம், பத்திரத்தின் நகல், பேருந்தின் பலகை ஆகியவற்றுக்கு இது ஆகாது. அதே ஒரு ஆர்க் மினிட் கணக்கு 10 மீட்டரில் 3 மி.மீ. ஆகும், 30 மீட்டரில் 9 மி.மீ. நிறுத்தத்தில் நிற்கும் பாட்டி சத்தியமங்கலம் பஸ்ஸின் பலகையை அது திரும்பும் இடத்திலேயே படிக்க வேண்டும். அந்தப் பலகையில் மிக மெல்லிய கோடும் விரல் அகலமாவது இருக்கட்டும். வெயிலிலும் புழுதியிலும் கண்புரையிலும் கரைவதற்கு மிச்சம் வேண்டும்.

பெரியவர் சொன்னபடி மறு அச்சுக்குக் கொடுத்தோம். மணமக்கள் பெயர் இரண்டும் 36 பாயிண்டில் அதே எழுத்துருவில் இருக்கட்டும் என்றார். அங்கே இழை கால் மில்லிமீட்டர், வலை தாராளமாகப் பிடிக்கும். நாள், முகூர்த்தம், மண்டபம், ‘நல்வரவை நாடும்’ எல்லாம் ஒரே தடிப்பில் ஓடும் எழுத்துக்கு மாறின. புரூஃபையும் தாளில் எடுக்காமல் அதே அட்டையில், அதே தங்க மையில், அதே மெஷ்ஷில் ஒன்று அடித்து வாங்கச் சொன்னார்.

வாங்கிப் போனேன். லென்ஸை நேராகக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார். “கால் ஊனி நிக்குதுங்க” என்றார். பிறகு லென்ஸை முதல் வரிக்கு நகர்த்தி, மெய்யெழுத்துகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.